எடை குறையும்னு 650 வெள்ளிக்கு எக்ஸோஸ் (புகைக்குழாய்) மாத்தலாமா? (ஒய்15, ஊத்தான் மெலிந்தாங்)

#1 ஊத்தான்_ஒய்15

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. வீடு மலேசியா பேராக்ல, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்துல. வேலை தெலுக் இந்தான்ல. தினமும் போய் வர்றது யமஹா ஒய்15 மோட்டார்சைக்கிள்லதான். போன வாரம் செயின் இறுக்கலாம்னு ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்க இருந்த பையன், "ஸ்டாண்டர்ட் எக்ஸோஸ் சும்மா கனம் பிரதர், மாத்துனா ரெண்டு கிலோ குறையும், மோட்டார் பறக்கும்"ன்னான். பைப்போட சேர்த்து ஃபுல் சிஸ்டம் 650 வெள்ளி (ரிங்கிட்).

சத்தம் எனக்கு வேண்டாம். சத்தம் வந்தா அப்பா மோட்டாரோட சேர்த்து என்னையும் வெளியதான் நிறுத்துவாரு. எடைக்காக மட்டும் மாத்துறது காசுக்குத் தகுமா, அதுதான் கேள்வி. என் எடை 78 கிலோ. ஞாயித்துக்கிழமை அம்மா பின்னாடி உக்காருவாங்க. வீட்டுக்கு கேஸ் தோங் (சிலிண்டர்) வர்றதும் இதே மோட்டார்லதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கப்சாய்_காளை

காலையில போக வேண்டிய இடத்துக்கு நல்லா போயிட்டு வந்து மோட்டார் ஏறு தம்பி. அரை கிலோ ஃப்ரீ. 650 மிச்சம் லா.

#3 பாகான்_ரேசர்

மேல உள்ளவர் பேச்சை விடு. நான் ஒய்15-க்கு மாத்திருக்கேன். பிக்கப் வித்தியாசம் முதல் ரவுண்டுலயே தெரிஞ்சிடுச்சு. கையில தூக்கிப் பார்த்தாலே புரியும், ஸ்டாண்டர்ட் சைலன்சர் இரும்புக் கட்டி. கப் பிரிக்ஸ் ரேஸ் ஓட்டுறவன் கிராம் கணக்குல எடை குறைக்கிறான், அவனெல்லாம் முட்டாளா? எடை குறைஞ்சா வேகம் கூடும். இதுல யோசிக்க என்ன இருக்கு.

#4 ஆலை_டெக்னீஷியன்

யோசிக்க நிறைய இருக்கு. எனக்கு இன்னிக்கு நைட் ஷிஃப்ட், பாய்லர் அமைதியா இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

ஒய்15 எண்ணெயோட (பெட்ரோல்) சேர்த்து 117 கிலோ பக்கம் வரும். தம்பி 78. ஹெல்மெட், பேக், சப்பாத்து, சாப்பாட்டுக் கூடை எல்லாம் ஒரு 5. மொத்தம் 200. எஞ்சின் இழுக்கிறது இந்த 200-ஐத்தான், வெறும் மோட்டாரை இல்ல. அதுல 2 கிலோ போனா 1 சதவீதம். நின்ன இடத்துல இருந்து 60-க்குப் போக 5 வினாடி ஆகுதுன்னு வச்சுக்குவோம். இனி 4.95 ஆகும். அந்த 0.05-ஐ உடம்பு உணரவே உணராது. பாகான் தம்பி உணர்ந்தது பொய்ன்னு நான் சொல்லல. காதுல விழுற சத்தம் மாறினா அதே வேகம் கூடின மாதிரித் தெரியும். கண்ணைக் கட்டிட்டு ஓட்டச் சொல்ல முடியாது, அதனால ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாருங்க.

டாப் ஸ்பீடுக்கும் எடைக்கும் பெருசா சம்பந்தமே இல்ல. சமதரையில 100-க்கு மேல போறப்ப எஞ்சின் சண்டை போடுறது காத்தோட. குனிஞ்சு படுத்தா கூடுற வேகம் ரெண்டு கிலோ குறைச்சா கூடாது.

எடை நேரடியா பேசுற இடம் மேடு. அதையும் பார்த்துடுவோம். 8 சதவீத ஏத்தம், 60 கிலோமீட்டர் வேகம். 2 கிலோவை மேல தூக்க ஆகுற சக்தி சுமார் 26 வாட். சாதாரண பிரேக் லைட் பல்பு ஒண்ணு 21 வாட். ஒய்15 எஞ்சின் தர்றது 11,000 வாட் பக்கம். அதுவும் தாப்பாவுல இருந்து கேமரன் மலை ஏறினாத்தான். ஊத்தான் மெலிந்தாங்ல இருந்து தெலுக் இந்தான் வரைக்கும் ஏத்தம்னு சொல்ல ஏதாவது ஒரு பாலத்தைத்தான் காட்டணும்.

இன்னொண்ணு. உன் டேங்க் 4.2 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு 740 கிராம் சுமார். ஃபுல் டேங்க் 3 கிலோவுக்கு மேல. திங்கட்கிழமை எண்ணெய் அடிச்சதுல இருந்து புதன்கிழமை ரிசர்வ் வர்றதுக்குள்ள, கடைக்காரன் சொன்ன ரெண்டு கிலோவுக்கு மேல தானாவே குறைஞ்சிருக்கும். புதன்கிழமை மோட்டார் பறந்ததா? கேஸ் தோங் ஏத்துற அன்னிக்கு கேஸ் மட்டுமே 14 கிலோ, இரும்பையும் சேர்த்தா அதைப் போல ரெண்டு மடங்கு பக்கம் வரும்.

எடைக்காக மட்டும்னு கேட்டியா, எடைக்காக மட்டும் வேண்டாம்.

#5 பாகான்_ரேசர்

அண்ணே கணக்கு சூப்பர். ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. எடை எவ்வளவுங்கிறது மட்டும் இல்ல, எங்க தொங்குதுன்னும் பார்க்கணும். சைலன்சர் வலது பக்கம், பின்னாடி, மேல தூக்கி நிக்குது. கோர்னர்ல மோட்டாரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்கிறப்ப அந்த ஒரு கிலோ அஞ்சு கிலோ வேலை காட்டும். உங்க பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை அனுப்புறாங்களே, அவங்களைக் கேளுங்க. செம்பனைக் குலை வெட்டுற கம்பை அலுமினியத்துல ஏன் செஞ்சான்? அடியில ஒரு கிலோ இருந்தா ஒண்ணும் தெரியாது, நுனியில கால் கிலோ கூடினா சாயங்காலம் தோள்பட்டை கழண்டுடும்.

#6 ஆலை_டெக்னீஷியன்

இது நியாயமான பேச்சு. ஒத்துக்கிறேன். சாய்க்கிற வேகத்துல நடுவுல இருக்கிற எடையை விட ஓரத்துல இருக்கிறது அதிகம் தெரியும். ரேஸ்ல ஒரு லேப்புக்கு எத்தனை கோர்னர், எத்தனை லேப். அங்க அது சேர்ந்துக்கிட்டே போகும். தம்பி போற ரோட்டுல ரெண்டு பக்கமும் செம்பனை, நடுவுல ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி ரோடு. சாய்க்கிறதுக்கு ரவுண்டபவுட்தான் உண்டு.

#7 ஆர்எக்ஸ்இசட்_மாமா

பசங்களா, எக்ஸோஸ் மாத்துனா மோட்டார் பறக்கும்ங்கிற பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியுமா? எங்க காலத்துல இருந்து வந்தது. எங்க காலத்துல அது உண்மை.

டூ ஸ்ட்ரோக்ல எக்ஸோஸ்ங்கிறது புகை போற குழாய் மட்டும் இல்ல, எஞ்சின்ல பாதி அதுதான். வால்வு கிடையாது, சிலிண்டர் சுவர்ல ஓட்டைதான், அதான் போர்ட். அது திறந்திருக்கிறப்ப எரிஞ்ச புகையோட புது எண்ணெய்க் காத்தும் சேர்ந்து வெளிய ஓடிடும். சேம்பர்னு சொல்ற டூ ஸ்ட்ரோக் எக்ஸோஸ் வயிறு பெருத்து அப்புறம் சுருங்குது பாரு, அதுல விஷயம் இருக்கு. விரியிற கூம்பு ஒரு இழுப்பு அலையைத் திருப்பி அனுப்பி சிலிண்டரைக் காலி பண்ணும். சுருங்குற கூம்பு ஒரு தள்ளு அலையைத் திருப்பி அனுப்பி, வெளிய ஓடின புது எண்ணெயைப் போர்ட் மூடுறதுக்குள்ள உள்ள தள்ளும். நீளம் ஒரு இஞ்ச் மாறினா பவர் வர்ற ஆர்பிஎம் மாறும். யமஹா ஆர்எக்ஸ்இசட் மாதிரி டூ ஸ்ட்ரோக்ல நல்ல சேம்பர் மாட்டி கார்பரேட்டர் ஜெட் சரி பண்ணினா வேற மோட்டார்.

இந்த வித்தையைக் கூர் தீட்டினது கிழக்கு ஜெர்மனியில எம்இசட் கம்பெனி. வால்டர் காடன்னு ஒரு எஞ்சினியர், 1950-கள்ல. அவரோட ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல சுவீடன் ரேஸுக்குப் போனவர் அப்படியே திரும்பாம தப்பிச்சு, அறிவையெல்லாம் சுசுகிக்குக் கொண்டு போயிட்டார். அடுத்த வருஷம் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஒரு எக்ஸோஸ் ரகசியத்துக்காக நடந்த கதை அப்பா இது!

ஒய்15 ஃபோர் ஸ்ட்ரோக். வால்வு இருக்கு. எண்ணெய் வெளிய ஓடுற பிரச்சனை அவ்வளவா கிடையாது. எக்ஸோஸ் மாத்திக் கிடைக்கிறதும் அந்த அளவுக்குத்தான். எங்க கதையைக் கேட்டு உங்க மோட்டாருக்குச் செலவு பண்ணாதீங்க.

#8 கப்சாய்_காளை

மாமா ஆர்எக்ஸ்இசட்டை இப்ப விக்கப் போறீங்களா, என்ன விலை?

#9 ஆர்எக்ஸ்இசட்_மாமா

வீட்டை வேணா விப்பேன்.

#10 சந்து_வொர்க்‌ஷாப்

நானும் வொர்க்‌ஷாப் வச்சிருக்கிறவன்தான், எக்ஸோஸும் விக்கிறேன். அதனால என் வியாபாரத்துக்கே உலை வைக்கிற மாதிரி எழுதுறேன்னு வச்சுக்குங்க.

ஸ்டாண்டர்ட் சைலன்சர் ஏன் கனம்? உள்ள ரெண்டு மூணு அறை, அறைக்கு அறை குழாய், வெளிச்சுவர் ரெட்டைத் தகடு, மேல ஹீட் ஷீல்ட், வழியில கேட்டலைஸர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. அறைகள் சத்தத்தை ஒண்ணோட ஒண்ணு மோத வச்சு அடக்குது. ரெட்டைத் தகடு, தகடே அதிர்ந்து கத்தாம பார்த்துக்குது. கேட்டலைஸர் புகையைச் சுத்தம் பண்ணுது, அதுல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு தங்கம் வெள்ளி ரகத்துச் சாமான் இருக்கு, அதான் பழைய சைலன்சரை "சும்மா இங்கயே போட்டுட்டுப் போங்க"ன்னு சில பேர் அன்பா சொல்லுவான். போடாதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. மோட்டார் விக்கிறப்பவும் ஸ்டாண்டர்ட் சாமான் இருந்தா விலை நிக்கும்.

மார்க்கெட் எக்ஸோஸ்ல இதெல்லாம் எடுத்துட்டு நேரா ஒரு ஓட்டைக் குழாய், சுத்தி கண்ணாடிப் பஞ்சு, வெளிய ஒத்தைத் தகடு. எடை அங்கதான் குறையுது. அந்தப் பஞ்சு நாளாக ஆக எரிஞ்சு பறந்துடும், அப்ப சத்தம் இன்னும் ஏறும். திறந்து மாத்திப் போடணும். வாங்குறப்ப இதை யாரும் சொல்றதில்ல.

அடுத்து டைட்டானியம். 300 வெள்ளிக்கு டைட்டானியம் கிடைக்காது. நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தை ஸ்டெயின்லெஸ்லயும் நெருப்பு காட்டி வரவழைக்கலாம், பூசவும் செய்யலாம். கன அளவுக்குப் பார்த்தா டைட்டானியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், ஸ்டெயின்லெஸ் 8 பக்கம். ஒரே தடிப்புல செஞ்சா எடை கிட்டத்தட்ட பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்கணும். காந்தம் எடுத்துட்டுப் போங்க. டைட்டானியம்னு விக்கிறதுல ஒட்டினா அது டைட்டானியம் இல்ல, முடிஞ்சது. ஒட்டலைன்னா 304 ஸ்டெயின்லெஸ்ஸாவும் இருக்கலாம், அப்ப தராசுதான் சொல்லும். ஒட்டுறதால ஸ்டெயின்லெஸ்ஸே இல்லைன்னும் நினைக்காதீங்க, 409, 430 ரெண்டும் ஸ்டெயின்லெஸ்தான், ரெண்டும் ஒட்டும்.

"பேக் பிரஷர் இல்லைன்னா பவர் போயிடும்"னு எல்லாக் கடையிலயும் சொல்லுவாங்க. பேக் பிரஷர் எஞ்சினுக்கு எப்பவும் பாரம்தான். உண்மையில வேண்டியது குழாய்க்குள்ள புகை ஓடுற வேகம். பைப் தேவைக்கு மேல பெருசா இருந்தா கீழ் ஆர்பிஎம்ல அந்த வேகம் செத்துடும், சிலிண்டர் சரியா காலியாகாது, மூணாவது கியர்ல மெதுவா போறப்ப மோட்டார் சோர்ந்து இழுக்கும். அம்மாவையும் கேஸையும் ஏத்திட்டு தோட்டத்துச் செம்மண் ரோட்டுல போற தம்பிக்கு வேண்டியது அந்தக் கீழ் இழுப்புதான். மேல 9,000-ல கிடைக்கிறதை அவர் எப்பத் தொடப் போறார்?

#11 நைட்டியூட்டி_அக்கா

படிச்சுட்டே வந்தேன், நானும் ஒரு கேள்வி கேக்கணும். எனக்கு ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி, காலையில எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுப்பேன். எங்க லயத்துல சுவர் பலகை. பக்கத்து வரிசையில ஒருத்தன் ஒன்பது மணிக்கு ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் "வோர்ம் அப்" பண்ணுவான். பலகையோட சேர்ந்து நானும் ஆடுவேன்.

அதை விடுங்க. எடை குறைஞ்ச எக்ஸோஸ்னா சத்தம் வந்தே ஆகணுமா? சத்தம் இல்லாத, எடையும் இல்லாத ஒண்ணு செய்யவே முடியாதா?

#12 சந்து_வொர்க்‌ஷாப்

நல்ல கேள்விக்கா. முடியும், ஆனா காசு. சத்தத்தை அடக்க ரெண்டு சாமான் வேணும்: உள்ள இடம், சுவர்ல கனம். இடத்தைக் குறைக்காம டைட்டானியத்துல அதே அறைகளோட செஞ்சா எடையும் குறையும் சத்தமும் அடங்கும். அக்ராபோவிச் மாதிரி கம்பெனிகள் சில மோட்டாருக்கு ஐரோப்பிய அங்கீகாரத்தோட அப்படித்தான் செய்யுறாங்க. அந்த விலைக்குப் பழைய கப்சாய் (சின்ன மோட்டார்) ஒண்ணு வாங்கலாம். நம்ம ஊர்ல ஒரு சின்னக் குழாய்ல அதே பேர் ஸ்டிக்கரை ஒட்டி விக்கிறது வேற ஜாதி. மெல்லிய ஒத்தைத் தகடு, சின்ன வயிறு. சத்தம் வரத்தான் செய்யும்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சொல்லுங்க: இன்ஜெக்ஷன் மோட்டாருக்கு அஞ்சு நிமிஷ வோர்ம் அப் தேவையே இல்ல. ஸ்டார்ட் பண்ணி ஹெல்மெட் மாட்டுற நேரம் போதும். அப்புறம் முதல் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் மெதுவா ஓட்டினா எஞ்சின் தானா சூடாகும்.

#13 பாகான்_ரேசர்

சத்தம்னா பாதுகாப்பு அக்கா. லோரிக்காரன் காதுல விழணும். எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கு.

#14 நைட்டியூட்டி_அக்கா

தம்பி, சத்தம் பின்னாடிதான் போகுது. லோரி முன்னாடி இருந்து வருது. கண்ணாடி ஏத்தி, ரேடியோ போட்டு, ஏர்கோன் போட்டு வர்ற டிரைவருக்கு உன் எக்ஸோஸ் கேக்குறப்ப நீ அவன் டயர் பக்கத்துலதான் இருப்ப. எமர்ஜென்சி வார்டுல வர்ற பையன்களோட மோட்டார்ல சத்தத்துக்கு ஒரு குறையும் இருக்கிறதில்ல. பகல்லயும் லைட் போடு, ஹெல்மெட் பட்டியை மாட்டு.

#15 கப்சாய்_காளை

👏 அக்கா கொடுத்தாங்க பாரு ஊசி.

#16 பெரிய_மோட்டார்_தெலுக்

கப்சாய் கணக்கை அப்படியே பெரிய மோட்டாருக்குக் கொண்டு வராதீங்க. நான் யமஹா எம்டி-07 வச்சிருக்கேன். ஸ்டாண்டர்ட் எக்ஸோஸ் ஹெட்டர்ல (எஞ்சின்ல இருந்து வர்ற முன்குழாய்) இருந்து சைலன்சர் வரைக்கும் ஒரே துண்டு, எஞ்சினுக்கு அடியில சுருண்டு கிடக்கும். பின் சைலன்சரை மட்டும் மாத்தலாம்னா முடியாது, வெட்டணும், இல்ல மொத்தமா மாத்தணும். லிட்டர் பைக்ல (1000 சிசி) இன்னும் மோசம், நாலு ஹெட்டர், கேட்டலைஸர், உள்ள ஒரு வால்வு, அதைத் திருப்ப ஒரு சின்ன மின்மோட்டார், பெரிய பெட்டி மாதிரி சைலன்சர். எல்லாம் சேர்ந்து பத்து கிலோவைத் தாண்டும். அதை டைட்டானியம் ஃபுல் சிஸ்டமா மாத்துனா அஞ்சாறு கிலோ கூட இறங்கும். டிராக்குக்குப் போறவனுக்கு அது பெரிய விஷயம்.

ஆனா எம்டி-07 விஷயத்துல ஒண்ணு பாருங்க. எக்ஸோஸ் கீழ, நடுவுல இருக்கு. எடையை வைக்க அதை விட நல்ல இடம் கிடையாது. அங்க குறைக்கிறதுக்குச் செலவு பண்றதை விட முன் ஃபோர்க், டயர் ரெண்டுக்கும் செலவு பண்ணினேன், பாகான் டத்தோ ரோட்டுல லோரி போட்ட அலையில இப்ப மோட்டார் துள்ளறதில்ல. லித்தியம் பேட்டரி போட்டாலும் ரெண்டு கிலோ பக்கம் இறங்கும், சத்தமே இல்லாம. சார்ஜிங் சரியா இருக்கான்னு பார்த்துட்டுப் போடணும்.

#17 சமன்_கட்டியவன்

சட்டத்தைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. மோட்டார் சத்தத்துக்குன்னே 1987-ல விதிமுறை போட்டாச்சு, 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்குக் கீழ. அதை விடுத்து 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் தனியா இருக்கு. ரோட் பிளாக்ல போலீஸ் மட்டும் நிக்கல, சில நேரம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), சுற்றுச்சூழல் இலாகா மூணு பேரும் சேர்ந்தே நிப்பாங்க, டெசிபல் மீட்டரோட. "எடைக்காக மாத்தினேன் டத்தோ"ன்னு சொல்லிப் பாருங்க.

650-ல சமன் (அபராதம்) காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கன்னு சொல்ல வந்தேன். மோட்டார் வாரண்டியில இருந்தா மாத்துறதுக்கு முன்னாடி டீலர்கிட்ட எழுத்துல கேளுங்க. வாய்ப்பேச்சு நிக்காது.

#18 உரக்கடை_காண்ட்ராக்டர்

நான் தோட்டத்துக்கு உரம் போடுற காண்ட்ராக்ட் எடுக்கிறவன். நம்ம ஊருக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம் சொல்றேன். செம்பனைக்குப் போடுற பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு. உப்போட பங்காளி. கடல் காத்தும் பக்கத்துல. பசங்க உரச் சாக்கை மோட்டார்ல வச்சு ஏத்துறது, கையோட அதே சட்டையில வீட்டுக்குப் போறது, அந்தத் தூள் சூடான எக்ஸோஸ்ல ஒட்டி மழையில கரையுறது. சாதாரண இரும்புக் குழாயைத் தின்னுடும். ஸ்டெயின்லெஸ்லயும் குளோரைடு புள்ளி புள்ளியா ஓட்டை போடும். மெல்லிய தகடுன்னா ஓட்டை விழ எத்தனை நாள்? கனமான ஸ்டாண்டர்ட் குழாய் அந்த விஷயத்துல தாங்குது.

கிட்டத்துல மட்டும் ஓட்டுறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். பிரட்டுக்களத்துக்கு (காலையில ஆள் கூடி வேலை பிரிக்கிற இடம்) போய் உடனே திரும்புற மோட்டார்ல எக்ஸோஸ் சூடாகறதுக்குள்ள நிறுத்திடுறாங்க. உள்ள தண்ணி ஆவியாகாம தங்கி உள்பக்கமே துருப்பிடிக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது தெலுக் இந்தான் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை பசார்ல மீனும் வாங்கலாம்.

#19 பாகான்_ரேசர்

எல்லாரும் சேர்ந்து ஒரு எக்ஸோஸை வில்லன் ஆக்கிட்டீங்க. பிடிச்சிருக்கு மாட்டுறோம். சத்தம் பிடிக்கும், பார்க்க அழகா இருக்கு. மாமா மட்டும் ஆர்எக்ஸ்இசட்ல ஊரையே புகை போட்டுட்டு இப்ப எங்களுக்கு உபதேசம் பண்றாரு.

#20 ஆர்எக்ஸ்இசட்_மாமா

பிடிச்சிருக்குன்னு மாட்டு, நான் ஏன் வேண்டாம்கிறேன்? எடைக்காகன்னு சொல்லி மாட்டாத. அழகுக்குக் கம்மல் போடுறவங்க காது கேக்கும்னு சொல்றதில்ல. என் புகையைப் பத்திப் பேசினா நேர்ல வா, தேத்தண்ணி வாங்கித் தர்றேன், பேசலாம்.

#21 மட்டுறுத்துநர்

ரெண்டு பேரும் தேத்தண்ணியோட நிறுத்துங்க. இழையைக் கேட்டவர் ஒரு பதிலும் போடல, அவர் என்ன முடிவு பண்ணினார்னு பார்ப்போம்.

#22 ஊத்தான்_ஒய்15

மன்னிக்கணும், ஓ.டி. இருந்துச்சு. எல்லாம் படிச்சேன்.

சந்து அண்ணே தராசு தராசுன்னு சொன்னதால இன்னிக்கு மத்தியானம் அந்த வொர்க்‌ஷாப்புக்கே போனேன். பக்கத்துலயே பழைய இரும்புக் கடை இருக்கு, அங்க தொங்குற தராசு. பையன் நல்லவன், அவனே புது சிஸ்டத்தைத் தூக்கிட்டு வந்தான். அதே மாடல் மோட்டார்ல கழட்டி வச்சிருந்த ஸ்டாண்டர்ட் எக்ஸோஸ் ஒண்ணும் கடையில கிடந்தது. ரெண்டையும் தராசுல மாட்டிப் பார்த்தோம். வித்தியாசம் ஒரு கிலோ கூட வரல. அதுவும் புதுசுல பிராக்கெட்டும் ஸ்பிரிங்கும் சேர்க்காம. பையனே தலையைச் சொறிஞ்சுட்டு, "சப்ளையர் ரெண்டு கிலோன்னுதான் பிரதர் சொன்னான்"ன்னான். காந்தம் பைப்ல பச்சக்னு ஒட்டிக்கிச்சு.

அதனால எக்ஸோஸ் வேண்டாம். ஆனா 650 கையில இருக்கு, பிக்கப் ஆசையும் இருக்கு. எதுல போட்டா தெரியும்?

#23 ஆலை_டெக்னீஷியன்

இப்பத்தான் சரியான கேள்வி கேட்டிருக்க.

பிக்கப் மட்டும்னா பின் ஸ்ப்ரொக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்). உதாரணத்துக்கு 40 பல்லுன்னு வச்சுக்க, 42 போட்டா சக்கரத்துக்குப் போற இழுவை எல்லா கியர்லயும் 5 சதவீதம் கூடும். நீ ரெண்டு கிலோவுல தேடினது 1 சதவீதம். விலை எக்ஸோஸ்ல பத்துல ஒரு பங்கு கூட வராது. சும்மா வராது அது, ஒரே வேகத்துக்கு எஞ்சின் 5 சதவீதம் கூடச் சுத்தும், தூரம் போறப்ப கத்தும், எண்ணெய் கொஞ்சம் கூடக் குடிக்கும். அம்மா, கேஸ் தோங் ரெண்டையும் பார்த்தா உனக்கு அது ஒத்து வரலாம்.

எடையே குறைக்கணும்னு இன்னும் ஆசை இருந்தா சுத்துற சாமான்ல குறை. ரிம் விளிம்புலயும் டயர்லயும் ஒரு கிலோ குறைஞ்சா, வேகம் எடுக்கிறப்ப அது ரெண்டு கிலோ குறைஞ்ச மாதிரி, ஏன்னா அதை முன்னாடி தள்ளவும் வேணும், சுத்தவும் வேணும். சஸ்பென்ஷனுக்குக் கீழ வேற இருக்கு, குழியில சக்கரம் ரோட்டை விடாம பிடிக்கும். எக்ஸோஸ் சேஸ்ல மாட்டின சாமான், அதுல குறைச்சா இந்த லாபம் கிடையாது. ஆனா விலை குறைஞ்ச கள்ள ரிம் பக்கம் போயிடாத. தோட்டத்துக் குழியில அது வளைஞ்சா எடையைப் பத்தி யோசிக்க நேரம் இருக்காது.

#24 பெரிய_மோட்டார்_தெலுக்

நல்ல டயர் ஒரு ஜோடி, முன் பிரேக் பேட், பிரேக் எண்ணெய் மாத்து. 650-ல மிச்சமும் வரும். டயர்ல காத்து எப்பப் பார்த்த?

#25 ஊத்தான்_ஒய்15

காத்தா... நாளைக்குப் பார்த்துடுறேன் அண்ணே.

#26 பாகான்_ரேசர்

செயின் மாத்துறப்பவே 415 போடு தம்பி. 428-ஐ விட எடை குறைவு, அதுவும் ஆலை அண்ணன் சொன்ன மாதிரி சுத்துற எடை. இதுலயாவது என்னை நம்பு.

#27 சந்து_வொர்க்‌ஷாப்

பாகான் தம்பி சொன்னது ரேஸுக்குச் சரி, கணக்கும் சரி. ஆனா 428-உம் 415-உம் கண்ணி நீளம் ஒண்ணுதான், அரை இஞ்ச். அகலம்தான் வேற. உள் அகலம் 428-ல 7.94 மில்லி, 415-ல 4.76. ஸ்ப்ரொக்கெட் பல்லும் அந்த அளவுக்கு மெலிசு, சீக்கிரம் தேயும், ஸ்ப்ரொக்கெட்டும் ஜோடியா மாத்தணும். தனியா ஓட்டி, அடிக்கடி செயின் எண்ணெய் போட்டு, இறுக்கம் பார்க்கிறவன் போடட்டும். இந்தத் தம்பி பின்னாடி அம்மா, நடுவுல கேஸ் தோங், செம்மண் தூசி. 428, ஓ-ரிங் உள்ளது, ஸ்ப்ரொக்கெட் ரெண்டும் செட்டா. பின் பல் ரெண்டு கூட்டிக்கலாம். செயின் கண்ணி எண்ணிக்கை அதுக்கு ஏத்த மாதிரி எண்ணி வாங்கு, குறைவா வாங்கிட்டா சக்கரத்தை முன்னாடி தள்ள இடம் இருக்காது.

#28 ஊத்தான்_ஒய்15

சரி அண்ணே. 428 ஓ-ரிங், பின் பல் ரெண்டு கூட. சனிக்கிழமை மத்தியானம் கடை திறந்திருக்குமா?

#29 சந்து_வொர்க்‌ஷாப்

ரெண்டு மணி வரைக்கும். மோட்டாரைக் கழுவிட்டு வா, செம்மண்ணோட கொண்டு வந்தா நட்டையே தேடணும்.